நீ எனக்குச் சொல்லாத குளிர்காலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், சலவைக் கடையும் நலம், உன் சித்தியின் இடுப்பு வலி மட்டும் வழக்கம்போல. அங்கே உன் நலம் எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் நீ உண்மையைச் சொல்வதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. போன பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். அது பெற்றவளுக்கு ஒரு வருடம் கழித்து, நீ விருந்தாளியாக அனுப்பி வைத்த உன் கீழ்வீட்டு அம்மாள் வாயால் தெரியவருகிறது. போனில் இதை எடுத்தால் "அது ஒண்ணும் இல்லம்மா" என்று மூன்றே வார்த்தையில் என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் மறிக்க முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே, இது பொறாமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு எரிகிறது. உனக்கு ஒன்று என்றால் முதலில் தெரிய வேண்டியது எனக்கா அவருக்கா, அதுதான் என் கேள்வி. மற்ற சேதியெல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலிலிருந்து வருகிறேன். அவருக்கு மூட்டுவலி அதிகம், இந்தக் குளிரை விட்டு ஒன்றிரண்டு மாதம் தள்ளி இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்கிறார், நம் மாடி அறை சும்மாதானே கிடக்கிறது என்று நீ கேட்டபோது உடனே அனுப்பி வை என்றேன். உனக்குப் பெரிய மனசும்மா என்று மெச்சிக்கொண்டாய். மனசும் இல்லை மண்ணும் இல்லை. மூன்று வருடமாகப் போனை எடுத்தால் கீழ்வீட்டில் சூப் கொடுத்தார்கள், கீழ்வீட்டில் கையுறை பின்னிக் கொடுத்தார்கள், கீழ்வீட்டில் இப்படிச் சொன்னார்கள் என்றுதானே ஆரம்பிப்பாய். அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கீழ்வீட்டில் என்று நேரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அதற்குத்தான் வரச் சொன்னேன். ஒல்லியாக, மெல்லப் பேசுகிற ஒரு அம்மாளை மனதில் வரைந்து வைத்திருந்தேன். ரயிலிலிருந்து இறங்கியவர் பீரோ மாதிரி இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவராமே, அதை நீ சொல்லவே இல்லையே. கணுக்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வியர்த்துக் கொட்ட இறங்கியவர், தலையில் குல்லாவும் கழுத்தில் மப்ளருமாக நடுங்கிக்கொண்டு நின்ற உன் அப்பாவைப் பார்த்து, இதுதான் உங்க ஊர் குளிர்காலமா என்று நீ பழக்கிவிட்ட தமிழிலேயே கேட்டுச் சிரித்தார், பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் சொன்ன எதற்காவது அவர் அப்படிச் சிரித்து நீ பார்த்திருக்கிறாயா? வீட்டுக்கு வந்ததும் கோட்டை வாங்கி மாட்டும்போது சலவைக் கடைக்காரி கண் சும்மா இருக்குமா, புரட்டிப் பார்த்தேன். உள்துணி கிழிந்த இடத்தில் பொடிப்பொடியாக ஒரு தையல். முடிச்சுப் போடும் இடத்தில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றுவது உலகத்திலேயே நீ ஒருத்திதான். என் சட்டையில் ஒரு பொத்தான் விழுந்தால் டைலரிடம் கொடு அம்மா என்று போய்க்கொண்டே இருப்பாயே, அந்த மகாராணி ஒரு முழு கோட்டுக்கு உட்கார்ந்து தைத்திருக்கிறாள். அங்கேயே ஆரம்பித்தது எனக்கு.

வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே போட்டிதான், உங்கள் ஊரா எங்கள் ஊரா என்று. அங்கே ஈரத்துண்டை வெளியே காயப் போட்டால் பலகை மாதிரி விறைத்து நிற்குமாம், மத்தியானம் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் இருட்டிவிடுமாம், ஜன்னல் கட்டை வரை பனி ஏறிவிடுமாம், குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க ராத்திரி முழுக்கத் தண்ணீரைச் சொட்டவிட்டுத் தூங்குவார்களாம். இங்கே தண்ணீரைச் சொட்டவிட்டுத் தூங்கினால் விடிந்ததும் தெருவே வந்து வாசலில் நிற்கும் என்றேன். எங்களுக்கும் குளிர்காலம் உண்டு, மின்விசிறியை நிறுத்திவிடுவோம், கடல் காற்று காதைக் குடையும், தூறல் விடாது, துணி காயாது, கடைக்குள் கயிறு கட்டிக் கயிறு கட்டி ஈரப் போர்வைகளுக்கு நடுவில் குனிந்து நடந்தே என் முதுகு போய்விடும் என்று சொன்னேன். அவர் தொங்குகிற போர்வையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது குளிர் இல்ல, ஈரம் என்றார், டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கிற மாதிரி. நான் அதோடு விடவில்லை, தெருவுக்கு வந்தேன். உங்கள் கட்டடத்தில் மாடிப்படியில் எதிரே வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு போவார்களாமே, வருடக்கணக்கில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரியாமல் இருப்பார்களாமே, அதெல்லாம் ஒரு அக்கம்பக்கமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் பனி கொட்டிய காலையில் யார் முதலில் எழுந்தாலும் எல்லார் வாசலையும் சேர்த்து வாரிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்களாம், போகும்போது மணியடித்து நான்தான் வாரினேன் என்று சொல்வதில்லையாம். வெளியூர் போனால் குழாயைப் பார்த்துக்கொள்ள மேல்வீடும் கீழ்வீடும் சாவியை மாற்றி வைத்துக்கொள்வார்களாம். எங்கள் தெருவில் சாவிக்கே வேலையில்லை, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை கதவு திறந்தே கிடக்கும், நான் தும்மினால் மூக்கைத் துடைப்பதற்குள் எதிர்வீட்டு டைலர் வைத்தியம் சொல்லிவிடுவார், அதுதான் தெரு என்றேன். அலுத்துப் போகாதா என்று கேட்டார். அலுத்துத்தான் போகிறது, அதை அவரிடம் ஒத்துக்கொள்வேனா நான்?

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். அவர் வந்து நாலைந்து நாள் இருக்கும், நான் கடையில் இருக்கிறேன், அப்பா துணி கொடுக்க ஸ்கூட்டரில் போயிருக்கிறார். தனியாக இருந்தவர் உங்கள் ஊர்ப் பழக்கத்தில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டு, மாடிக்குப் போய்க் காது மூடும் குல்லாவோடு படுத்துத் தூங்கிவிட்டார். காதை மூடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதாம். நம் வீட்டுக் கதவு பட்டப்பகலில் கடைசியாகச் சாத்தியிருந்தது உன் தாத்தாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றைக்குத்தான், அது உனக்கே தெரியும், தெருவுக்கும் தெரியும். டைலர் தட்டிப் பார்த்திருக்கிறார், குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. அவ்வளவுதான், ஊரைக் கூட்டிவிட்டார். பால்காரர் கடைக்கு ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அக்கா உங்க வீட்டுக் கதவு சாத்தியிருக்கு என்றார். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியை பாங்க் மேனேஜரின் கால்சட்டை மேல் அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நான் போகிறபோது டைலர் ஏணி வைத்து மாடி ஜன்னலுக்கு ஏறிக்கொண்டிருக்கிறார், ஏழெட்டுப் பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஏணி கிடைக்காதவர்கள் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்கிறது. இவர் வாசலில் நின்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். ஏணியில நிக்கிறவர் முதல்ல இறங்குங்க, மத்தவங்க வரிசையா வாங்க, யாருக்கு எங்க போகணும் என்று ஒரு குரல் கொடுத்தார் பார், தெருக்கோடி வரைக்கும் சிரிப்பு. அன்றிலிருந்து தெருவுக்கே அவர் கண்டக்டரம்மா. காய்கறி வண்டி வந்தால் வரிசை நிறுத்துவது அவர், சண்டை வந்தால் விலக்குவது அவர், சாயங்காலம் ஆனால் நம் வாசல் படியில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம். எனக்கு இத்தனை வருடமாக ஒரு துணியைச் சொன்ன தேதிக்குத் தைத்துத் தராத டைலர், அவருக்குப் பருத்தியில் ஒரு அங்கி மறுநாளே தைத்துக் கொண்டுவந்து நீட்டுகிறார். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. மேனேஜரின் கால்சட்டைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு விடாத தூறல், கடை முழுக்க ஈர நாற்றம், கண்டக்டரம்மா வந்து துணி மடிக்கக் கை கொடுத்தார். நன்றாகத்தான் மடிக்கிறார், அதுவும் எனக்கு ஒரு எரிச்சல். துணி வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்று இருமினார், நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வருகிற இருமல். இவர் போர்வையைப் பாதி மடிப்பில் விட்டுவிட்டு, போன பனிக்காலத்துல உங்க பொண்ணு இப்படித்தான் இருமினா, ஆஸ்பத்திரியில ஒரு வாரம், மூக்குல குழாயோட அவளைப் பார்க்கவே முடியல என்றார். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஆமாமா, சொன்னா சொன்னா என்றேன். எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. என் பெண்ணுக்கு நடந்ததை இன்னொருத்தர் சொல்லி நான் தெரிந்துகொள்வதா? தெரிந்தவள் போலவே தலையை ஆட்டி ஆட்டி மிச்சத்தையும் அவர் வாயிலிருந்து பிடுங்கினேன். தண்ணீர்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க ஏரிக்குப் போய், பனிக்கட்டியை உடைக்கும்போது கால் உள்ளே போய் முழங்கால் வரை நனைந்து, அப்படியே சாயங்காலம் வரை வேலை பார்த்தாயாமே. ஈரக் காலுறையோடு ஒரு நாள் முழுக்க நிற்கவா உன்னைப் படிக்க வைத்தேன்? அது எந்த வாரம் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன், பிடிபட்டுவிட்டது. ஜன்னலுக்குத் திரைச்சீலை எடுக்க ஜவுளிக் கடைக்குள் நின்றுகொண்டு போனில் பச்சையா நீலமா என்று அரைமணி நேரம் உன் உயிரை வாங்கினேனே, அந்த வாரம். என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டதற்குத் தொண்டை கட்டியிருக்கும்மா என்றாய், உப்புத் தண்ணீரில் கொப்பளி என்று நான் உபதேசம் செய்தேன், சரிம்மா, நீலமே எடும்மா என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறாய். நேற்று அந்த நீலத்தைக் கழற்றி ஊறப் போட்டுவிட்டேன், கண்ணில் பட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கப்புறம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ கொடுப்பேன், என்ன ஏது என்று கேட்கமாட்டேன். அவர் ஏதாவது சொன்னால் ஒப்புக்கு உம் கொட்டுவேன். மனதுக்குள் மட்டும் ஓயாமல் ஒன்றே ஓடும், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்திருக்கிறார், நெற்றியில் இவர் கை வைத்துப் பார்த்திருக்கிறார், கஞ்சியை இவர் ஊதி ஊதிக் கொடுத்திருக்கிறார். அப்பாவிடம் புலம்பினேன், நல்ல வேளை அந்த நேரத்தில் யாரோ ஒருத்தர் பக்கத்தில் இருந்தார்களே என்று சந்தோஷப்படு என்றார். அவருக்கு என்ன, ஆண்பிள்ளை, சுலபமாகச் சொல்லிவிட்டார். முந்தாநாள் சாயங்காலம் மாடிக்கு டீ கொண்டுபோன கையோடு கேட்டேவிட்டேன். பெத்தவ என்கிட்ட மறைச்சதை உங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்காளே, அப்படி என்ன சொக்குப்பொடி போட்டீங்க என்று கேட்டேன். தெரியும் தெரியும் என்று தலையாட்டின குட்டும் அதிலேயே வெளிப்பட்டுவிட்டது, போகட்டும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, டம்ளரைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்கிட்ட எங்க சொன்னா? என்கிட்டயும் சொல்லல. அவ படுக்கிற அறைக்கு நேர் கீழதான் நான் படுக்கிறேன், நடுவுல வெறும் பலகைத் தளம். ரெண்டு மூணு ராத்திரி இருமல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. படியில பார்த்துக் கேட்டேன், தொண்டைதான்னு சொல்லிட்டுப் போயிட்டா. அப்புறம் ஒரு ராத்திரி கேக்கல. இருமல் நின்னதும்தான் எனக்குப் பயம் வந்துச்சு. குல்லாவைக் கழட்டிட்டுக் காதை வச்சுக் கேட்டேன், ஒண்ணுமே கேக்கல. மேல போய்ச் சாவியைப் போட்டுத் திறந்துட்டேன்."

நான் அப்படியே அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சொன்ன அதே பொய்தான் அவருக்கும், தொண்டை. நீ யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் மட்டும் அந்தப் பலகைக்குக் கீழே படுத்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா? குழந்தையில் நீ புரண்டு படுத்தாலே விழித்துக்கொள்கிறவள் நான். பொறாமை இதனால் தீர்ந்துபோயிற்று என்று நினைத்துவிடாதே, கூடிப்போயிற்று. இதுவரை ஒரு மனுஷி மேல் இருந்தது, இப்போது உன் வீட்டுத் தரை மேல். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு ஒன்று கேட்டார். இங்கே வந்தபிறகு மூட்டு இளகியிருக்கிறது, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறேன், அங்கே பனி கரைகிற வரைக்கும் இங்கேயே இருந்துகொள்ளட்டுமா என்றார். தெருவில் எல்லாரும் ஏற்கெனவே இருங்கள் இருங்கள் என்று சொல்லியாகிவிட்டது, என்னிடம்தான் கடைசியாக வருகிறது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். நேற்று முழுக்க இஸ்திரி போட்டபடி இதே யோசனை. திரும்ப அனுப்பினால் என் கண்ணுக்கு நிம்மதி, உனக்கும் கீழே ஒரு ஆள், ஆனால் அந்த மூட்டு மறுபடி போகும். இருக்கச் சொன்னால் உன் கீழ்வீடு பூட்டிக் கிடக்கும். இப்போதே பூட்டித்தானே கிடக்கிறது, அது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. இந்தக் குளிரில் நீ இருமினால் கேட்க அங்கே ஒரு ஜீவன் இல்லை. அவர் இங்கே வந்துவிட்டார் என்று நான் பொருமிக்கொண்டிருந்த நாளெல்லாம் நீ அங்கே தனியாக இருந்திருக்கிறாய்.

இன்று காலை அவரிடம், நீங்க இங்கயே இருங்க, உங்க வீட்டுச் சாவியை எனக்குக் கொடுங்க என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, பைக்குள் கையை விட்டு வளையத்தோடு எடுத்துக் கொடுத்தார். இரண்டு சாவி, பெரியது அவர் வீடு, சின்னது உன் வீடு. மூன்று வருடத்தில் உன் வீட்டுச் சாவி என் கையில் வருவது இதுதான் முதல் தடவை, அதுவும் அவர் கொடுத்து வர வேண்டியிருக்கிறது பார். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. கடையை அப்பா பார்த்துக்கொள்வார், துணி மடித்து ஆட்களை வரிசையில் நிறுத்துவதைக் கண்டக்டரம்மா பார்த்துக்கொள்கிறாராம். அவர் மாடியில், உன் அப்பா கீழே, நடுவில் மாடிப்படி இருக்கிறது, இருந்தாலும் உன் சித்தியைத் தினமும் ஒரு நடை வந்து எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இடுப்பு வலியானாலும் வருவாள், இந்த மாதிரி வேலைக்கு அவள் வராமல் இருக்கமாட்டாள். அடுப்பை எப்படி மூட்டுவது, பனியை எந்தப் பக்கம் வாருவது, குழாயை எவ்வளவு சொட்டவிடுவது என்று அவர் எனக்கு வகுப்பே எடுத்துவிட்டார். தண்ணீரைச் சொட்டவிட்டுத் தூங்க எனக்கு மனசு வருமா என்று தெரியவில்லை, அங்கே வந்து பார்க்கலாம். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது நான் ரயிலில் இருப்பேன், வேண்டாம் என்று சொல்ல உனக்கு வழியில்லை. பயப்படாதே, உன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு அலமாரியைக் கலைக்கமாட்டேன், ஏன் இத்தனை நேரம் என்று வாசலில் நிற்கமாட்டேன். பனி கரைகிற வரை கீழேதான் இருப்பேன், படியில் பார்த்தால் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னாலும் போவேன். எனக்கு நீ எதையும் சொல்ல வேண்டாம். சொல்லாமலே இரு, அதுதான் உனக்குப் பழக்கமாயிற்றே. எனக்குக் கேட்கும்.

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், நெஞ்சில் சளி அண்டாமல், நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், கண்டக்டரம்மாவும் சொல்லச் சொன்னார், அவருடையதைக் கடைசியில்தான் எழுதுகிறேன். ஸ்டேஷனுக்கு வரும்போது காதை மூடிக்கொண்டு வா, காலுறை இரண்டு போடு. மறக்காமல் இன்னொன்று. உன்னை எனக்குத் தெரியும், இதைப் படித்ததும் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். நான் வருவதற்குள் உன் கட்டிலை வேறு அறைக்கு இழுத்துப் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
புறப்பட்டுவிட்ட உன் அம்மா